கம்பி எங்கே? – ஏலூர்ப் படகிலிருந்து ஒரு டிராம் கதை

கொச்சி நகருக்கு வடக்கே, பெரியாற்றின் கிளைகள் இருபுறமும் அணைத்துச் செல்லும் தீவு நிலம் ஏலூர். தொழிற்சாலைகளின் ஊர் என்றே கேரளம் இதனை அறியும். 1943இல் நிறுவப்பட்டு 1947இல் உற்பத்தியைத் தொடங்கிய பாக்ட் உரத் தொழிற்சாலை இங்குதான் உள்ளது. அதைத் தொடங்க முன்வந்தவர்கள் திருச்சிராப்பள்ளியின் சேஷசாயி சகோதரர்கள் என்பதால், தமிழருக்கும் இவ்வூருக்கும் உள்ள தொடர்பு முக்கால் நூற்றாண்டைக் கடந்தது. அந்நாளில் உரம் செய்வதற்கான வாயுவை விறகிலிருந்து எடுத்தனர் என்று இன்று சொன்னால் பலரும் வியப்பர். ஆற்றலை எங்கிருந்து பெறுவது என்ற கேள்வி ஏலூருக்குப் புதிதன்று.

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் சவுத் சிற்றூர்த் துறையிலிருந்து ஏலூருக்கு நாம் வாட்டர் மெட்ரோ படகில் சென்றோம். 2024 மார்ச் மாதத்தில் தொடங்கிய தடம் இது. இடையில் சேரானல்லூரில் நின்று செல்கிறது. படகு கிளம்பியதே தெரியவில்லை. பழைய படகுகளின் அதிர்வும் டீசல் வாடையும் இல்லை. நமக்கு முன்னிருக்கையில் எண்பது வயதை நெருங்கிய தமிழ்ப் பெரியவர் ஒருவர், பேரனுடன் அமர்ந்திருந்தார். "தாத்தா, இது கரண்டில் ஓடுதுன்னா கம்பி எங்கே?" என்று சிறுவன் கேட்டான். பெரியவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். "இதே வயதில் சென்னையில் டிராமில் போகும்போது, இதை எது இழுக்கிறது என்று என் அப்பாவைக் கேட்டேன். அவர் மேலே கையைக் காட்டி, அதோ கம்பி என்றார். இவனுக்கு நான் எதைக் காட்டுவது, சொல்லுங்கள்!" என்றார்.

ஒரு தலைமுறைக்குக் கம்பியே விடையாக இருந்தது. அடுத்த தலைமுறைக்குக் கம்பி இல்லாததே கேள்வியாகிவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையே, நகர மக்களைச் சுமந்து செல்லும் வண்டிகளுக்கு எவ்வெவ்வாறு ஆற்றல் ஊட்டப்பட்டது என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். அது வெறும் பொறியியல் கதையன்று. எந்தச் செலவை இன்று ஏற்பது, எதனை நாளைக்குத் தள்ளுவது என்னும் கணக்கின் கதையும் ஆகும்.

புல் தின்ற ஆற்றல்

இரும்புத் தண்டவாளத்தின்மீது இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. மேடுபள்ளமான சாலையில் இழுக்க முடியாத பாரத்தை, அதே குதிரை தண்டவாளத்தின்மீது எளிதாக இழுத்துச் செல்லும். டிராம் என்னும் எண்ணத்திற்கு அடிப்படை இதுவே. இந்தியாவில் முதல் குதிரை டிராம் 1873 பிப்ரவரி 24ஆம் நாள் கல்கத்தாவின் சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் படித்துறை வரை ஓடியது. போதிய வருவாயின்றி அதே ஆண்டிலேயே நின்றுபோயிற்று. பின்னர், 1880இல் நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டு, பணி மீண்டும் தொடங்கியது. பம்பாயில் 1874 மே 9ஆம் நாள் குதிரை டிராம் வந்தது.

குதிரையின் சிக்கல், அது எந்திரம் அன்று என்பதே. நாளொன்றுக்குச் சில மணி நேரமே அதனால் உழைக்க முடியும். ஓய்வு நேரத்திலும் தீனி வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தா நிறுவனத்திடம் 166 வண்டிகளும் ஏறத்தாழ 1000 குதிரைகளும் இருந்தன. ஒரு வண்டிக்கு ஆறு குதிரைகள் என்று ஆகிறது! லாயம், புல், கொள்ளு, லாடம், மருத்துவம் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். நோய் வந்தாலோ எல்லாமே நின்றுவிடும். 1872இல் வட அமெரிக்காவில் குதிரைகளிடையே பரவிய காய்ச்சல், பல நகரங்களின் டிராம்களை வாரக்கணக்கில் முடக்கியது.

நீராவி இதற்கு மாற்றாகத் தோன்றியது. கல்கத்தாவில் 1882இல் நீராவி இயந்திரங்கள் சோதிக்கப்பட்டன. கராச்சியில் 1885இல் நீராவியோடுதான் டிராம் தொடங்கியது. ஆனால், புகைக்கும் இரைச்சலுக்கும் மக்கள் முகம் சுளித்ததால் அடுத்த ஆண்டே குதிரைகள் வந்தன. பிற்காலத்தில் அந்நகரம் பெட்ரோல் இயந்திரம் பூட்டிய டிராம்களுக்கு மாறியது. கம்பிக்கும் மின்நிலையத்திற்கும் செலவிடாமல் தப்பிய நகரம் அது.

உலகின் பிற பகுதிகளில் வேறு வழிகளும் முயலப்பட்டன. 1873இல் சான் பிரான்சிஸ்கோவில், சாலைக்கு அடியில் ஓயாமல் ஓடும் எஃகு வடத்தை வண்டி கவ்விக்கொண்டு மேட்டில் ஏறியது. மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அந்த வட டிராம் இன்றும் ஓடுகிறது. அதன் குறை, வடத்தை இழுப்பதற்கே பெரும்பகுதி ஆற்றல் செலவாவதுதான். பிரான்சின் நாந்த் நகரில் 1879 முதல் 1917 வரை, அழுத்தப்பட்ட காற்றை உருளைகளில் நிரப்பிக்கொண்டு டிராம்கள் ஓடின. புகையில்லை, கம்பியில்லை, ஆயினும் அவ்வப்போது நின்று காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கொச்சிச் சீமையின் வனத்து டிராம்

கொச்சிக்கும் ஒரு டிராம் இருந்தது. அது நகர டிராம் அன்று, காட்டு டிராம். பரம்பிக்குளம் காட்டின் தேக்கையும் பிற மரங்களையும் சாலக்குடிக்குக் கொண்டுவர, கொச்சி சமஸ்தானம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்திற்குத் தண்டவாளம் அமைத்தது. சமதளத்தில் நீராவி இயந்திரங்கள் இழுத்தன. செங்குத்தான மலைச்சரிவுகளில் என்ன செய்வது? அங்கே புவியீர்ப்பே இயந்திரமாயிற்று. மரம் ஏற்றிய பெட்டி சரிவில் இறங்கும்போது, வடத்தின் மறுமுனையில் கட்டிய வெற்றுப் பெட்டியை அது மேலே இழுத்தது. கிணற்றில் இரட்டை வாளி இறைப்பது போன்ற ஏற்பாடு இது. 1963இல் அந்தத் தடம் மூடப்பட்டது.

இடத்திற்கேற்ற ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் அறிவுக்கு இதைவிடச் சிறந்த சான்று நம் பகுதியில் அரிது. இறங்கும் பாரம் ஏறும் பாரத்தைத் தூக்கும் இதே கருத்துதான் இன்றைய மின்ரயில்களிலும் வேறு வடிவில் வாழ்கிறது. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தையே மின்சாரமாக்கித் திருப்பித் தருகிறது.

சென்னைச் சாலையின் பிளவு

மின் டிராமின் தொடக்கம் 1881இல் பெர்லின் அருகே லிக்டர்ஃபெல்டேயில் நிகழ்ந்தது. சீமன்ஸ் நிறுவனம் இரண்டு தண்டவாளங்களிலேயே மின்சாரத்தைச் செலுத்திற்று. தண்டவாளத்தின் குறுக்கே கால்வைக்கும் குதிரைக்கும் மனிதருக்கும் அது ஆபத்து என்பது விரைவில் தெரிந்தது. 1888இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் மேல்நிலைக் கம்பி முறையைப் பெரிய அளவில் வெற்றிபெறச் செய்தார்.

அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து, 1895 மே 7ஆம் நாள், இந்தியாவின் முதல் மின் டிராம் சென்னையில் ஓடியது. லண்டன் நகரம் மின் டிராமைக் காண 1901 வரை காத்திருந்தது என்பதை எண்ணினால், நம் சென்னையின் முந்தல் எத்தகையது என விளங்கும். ஆனால், சென்னை முதலில் தேர்ந்தெடுத்தது மேல்நிலைக் கம்பியை அன்று. இரு தண்டவாளங்களுக்கு நடுவே சாலையில் ஒரு குறுகிய பிளவு, அதன் அடியில் ஒரு கால்வாய், கால்வாய்க்குள் மின்கடத்திகள். வண்டியின் அடியிலிருந்து தொங்கும் ஓர் அலகு பிளவு வழியே இறங்கி மின்சாரத்தைத் தொட்டுக்கொண்டு செல்லும். கம்பமோ கம்பியோ இல்லாத அழகிய ஏற்பாடு.

அழகுக்குப் பகையாக வந்தது மழை. சாலையில் பிளவு இருந்தால் நீர் அதில்தான் இறங்கும். மணலும் சேறும் உடன் செல்லும். மின்கடத்தி நனைந்தால் கசிவு. கசிந்தால் வண்டி நிற்கும். வடகிழக்குப் பருவமழையின் முன்னே அந்தக் கால்வாய் முறை தாக்குப்பிடிக்கவில்லை. முடிவில் சென்னையும் மேல்நிலைக் கம்பிக்கு மாறியது. அதே முறையை லண்டன் 1903 முதல் 1952 வரை வெற்றிகரமாகப் பயன்படுத்தியது. முறையில் குற்றமில்லை, ஊருக்கும் முறைக்கும் பொருத்தமில்லை.

கம்பியின் நூற்றாண்டு

மேல்நிலைக் கம்பி வென்றதற்குக் காரணம் அதன் எளிமை. வண்டியின் கூரைமீதுள்ள கழி கம்பியைத் தொடும். மோட்டாரைச் சுழற்றிய மின்சாரம் தண்டவாளம் வழியே மின்நிலையத்திற்குத் திரும்பும். கல்கத்தாவின் முதல் மின் டிராம் 1902 மார்ச் 27ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து கிதர்பூருக்குச் சென்றது. 550 வோல்ட் நேர்மின்சாரம் அதனை இயக்கியது. கொழும்பில் 1899இலும், பம்பாயில் 1907 மே மாதத்திலும் மின் டிராம்கள் வந்தன.

எளிமைக்கும் விலையுண்டு. குறைந்த வோல்ட்டில் மின்சாரத்தை வெகுதூரம் அனுப்பினால் வழியிலேயே இழப்பு மிகும். ஆகவே இடையிடையே துணைமின் நிலையங்கள் வேண்டும். தண்டவாளம் வழியே திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து, அருகிலுள்ள குடிநீர்க் குழாய்களை அரிக்கும். கம்பமும் கம்பியும் தண்டவாளமும் ஆண்டுதோறும் பராமரிப்பைக் கேட்கும். இத்தனையையும் முதலிலேயே முடக்கிய பெரும் பணத்தைக்கொண்டு செய்ய வேண்டும்; அதன் பலனோ பல பத்தாண்டுகளில் சிறுகச் சிறுகவே திரும்பும்.

இந்த இடத்தில்தான் பேருந்து டிராமை வென்றது. பேருந்துக்குத் தனிப்பாதையோ கம்பியோ வேண்டியதில்லை; அது ஓடும் சாலையை அரசு போட்டுத் தந்தது. இழப்பில் தள்ளாடிய சென்னை டிராம் 1953 ஏப்ரல் 12ஆம் நாள் நின்றது. கொழும்பில் 1960இலும், பம்பாயில் 1964 மார்ச் 31ஆம் நாளிலும் அது விடைபெற்றது. கல்கத்தா மட்டும் காத்துவந்தது. அங்கும், மரபுத் தடம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடுவதாக 2024இல் மாநில அரசு அறிவித்தது.

தரைக்குத் திரும்பிய மின்சாரம்

கொச்சி மெட்ரோ ரயில் 2017 ஜூன் 17ஆம் நாள் ஆலுவாவிலிருந்து ஓடத் தொடங்கியது. அதன் தூண்பாதையில் மேல்நிலைக் கம்பியைக் காண இயலாது. ஓடும் தண்டவாளங்களின் பக்கத்தில் மூன்றாவது ஒன்று உண்டு. அதில் 750 வோல்ட் நேர்மின்சாரம் பாய்கிறது. 2015இல் தொடங்கிய சென்னை மெட்ரோவோ 25,000 வோல்ட் மேல்நிலைக் கம்பியைத் தேர்ந்தது. ஒன்றில் துணைமின் நிலையங்கள் நெருக்கமாக வேண்டும்; மற்றொன்றில் தூரம் எளிது, ஆனால் சுரங்கத்தில் கம்பிக்கு இடம் விட வேண்டும்.

மூன்றாம் தண்டவாளம் யாரும் நடமாடாத பாதைக்கு மட்டுமே பொருந்தும். கடைவீதியில் அதனை வைக்க முடியாது. எனினும் பிரான்சின் போர்தோ நகரம் 2003இல் ஒரு வழி கண்டது. பழைமை மிக்க மையப்பகுதியில் கம்பிகள் வேண்டாம் என்று கருதி, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே துண்டு துண்டான மின்கடத்தியைப் பதித்தனர். வண்டி எந்தத் துண்டின்மீது நிற்கிறதோ, அதில் மட்டுமே மின்சாரம் பாயும். வண்டி கடந்ததும் அது செயலற்றுப்போகும். தொடக்க ஆண்டுகளில் பழுதுகள் பல நேர்ந்தன. அவற்றுள் மழைநீர் தந்த தொல்லையும் ஒன்று. சென்னை மழையின் பாடத்தை நூற்றாண்டு கழித்துப் போர்தோவும் படித்தது! பிறகு குறைகள் களையப்பட்டு, 2014இல் தொடங்கிய துபாய் டிராம் முழுமையாகவே இம்முறையில் இயங்குகிறது.

மின்கலத்தின் மறுவருகை

மின்சாரத்தை வண்டியிலேயே சுமந்து செல்லும் எண்ணமும் பழையதே. 1890களில் ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் மின்கல டிராம்கள் ஓடின. அன்றிருந்தவை ஈய அமிலக் கலங்கள். எடை மிகுதி, ஆயுள் குறைவு, அமில நெடி வேறு. பயணிகளைவிடக் கலங்களையே வண்டி மிகுதியாகச் சுமப்பதுபோல் ஆனதால் அவை கைவிடப்பட்டன.

நம் காலத்தில் கலங்கள் இலகுவாயின. 2007இல் பிரான்சின் நீஸ் நகர டிராம், வரலாற்றுச் சதுக்கங்களைக் கடக்கும்போது மட்டும் கூரைக்கழியை இறக்கிவிட்டு மின்கலத்தில் ஓடத் தொடங்கியது. சீனாவின் குவாங்சௌ நகரில் 2014 முதல் மீமின்தேக்கிகளில் ஓடும் டிராம் உண்டு. பயணிகள் ஏறி இறங்கும் சில நொடிகளுக்குள், அடுத்த நிறுத்தம் வரை போவதற்கான மின்சாரத்தை அது உண்டுவிடுகிறது. அந்நாட்டின் ஃபோஷான் நகரில் 2019இல் ஹைட்ரஜன் டிராம் வந்தது. அதன் வண்டியே மின்சாரத்தைத் தயாரித்துக்கொள்கிறது.

நாம் அமர்ந்திருந்த படகு இந்த வரிசையில்தான் சேரும். நீரில் தண்டவாளமும் இல்லை, கம்பி கட்ட வழியும் இல்லை. ஆற்றலை உடன்கொண்டுபோவதன்றி வேறு வகையில்லை. கொச்சி வாட்டர் மெட்ரோவின் முதல் தடம் 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பினுக்குத் தொடங்கியது. கொச்சின் கப்பல்கட்டும் தளம் கட்டிய அதன் பெரிய படகுகள் நூறு பேரை ஏற்றும். அவசரத்துக்கென டீசல் மின்னாக்கி ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 1,137 கோடி ரூபாய்த் திட்டம் இது. ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வளர்ச்சி வங்கி கடன் வழங்கியுள்ளது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரித் துறையும் திறக்கப்பட்டது.

இப்படகுகளில் இருப்பவை லித்தியம் டைட்டனேட் கலங்கள். ஒரு கிலோ எடைக்கு இவை சேமிக்கும் ஆற்றல், நம் கைப்பேசிக் கலங்களைவிடக் குறைவு, விலையும் அதிகம். பின் ஏன் இவை? பத்துப் பதினைந்து நிமிடங்களில் மின்னேற்றம் பெறும். ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கினாலும் சோர்வது குறைவு. துறைக்குத் துறை திரும்பி வரும் படகுக்குப் பெரிய வயிறு தேவையில்லை. விரைவாக உண்ணும் வாய் இருந்தால் போதும். குவாங்சௌ டிராமுக்குச் சொன்ன அதே நியாயம்தான் இதற்கும்.

கேரளம் மற்றொரு விடையையும் தந்திருக்கிறது. 2017 ஜனவரி முதல் வைக்கத்திற்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடும் 'ஆதித்யா' படகு, கூரையிலுள்ள சூரியத் தகடுகளிலிருந்தே பெரும்பங்கு ஆற்றலைப் பெறுகிறது. 75 பேரை ஏற்றும் இந்தப் படகின் தடம் குறுகியது, வேகம் மிதமானது. கூரைக்கு வெயில் தாராளம். பொருத்தம் என்பது இதுவே.

பேரேட்டில் எந்தப் பக்கம்?

இதுவரை கண்ட முறைகளை ஒரு வங்கியாளரின் கண்ணோடு பார்த்தால், ஓர் உண்மை புலப்படும். எந்த முறையும் செலவை ஒழிப்பதில்லை; ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுகிறது. குதிரையின் செலவு நாள்தோறும் தீனியில் வந்தது. கால்வாயின் செலவு சாலைக்கடியில் புதைந்திருந்து, மழைக்காலத்தில் வெளிப்பட்டது. கம்பியின் செலவு தொடக்கத்திலேயே பெருந்தொகையாக வந்து, பின்னர்ப் பராமரிப்பாகத் தொடர்ந்தது. டீசலின் செலவில் ஒரு பகுதியைக் கப்பல்துறை கட்டவில்லை. காற்றும் ஆறும் கட்டின.

ஏலூரில் இதனைச் சொல்லும்போது சற்றே தயங்கத்தான் வேண்டும். பெரியாற்றின் இப்பகுதி தொழிற்சாலைக் கழிவுகளால் நெடுங்காலமாகத் துன்புற்று வருவது. 2024 மே மாதத்தில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்ததை நாடே கண்டது. மின்படகுகள் இந்த நோவைத் தீர்த்துவிடா. எனினும், ஆற்றில் எண்ணெய் சிந்தாத ஒரு போக்குவரத்து வந்திருப்பது சிறு நன்மை அன்று.

மின்கலத்தின் செலவு எங்கே இருக்கிறது? அது வருங்காலத்தில் இருக்கிறது. அன்றாட மின்கட்டணம் குறைவாகத் தோன்றும். ஆனால் சில ஆண்டுகளில் கலங்களை மாற்றும் நாள் வரும். அந்நாளுக்கான தொகையை இன்றைய பயணச்சீட்டு வருவாயிலிருந்தே ஒதுக்கி வைக்கும் நிறுவனம் நிலைக்கும். தேய்மானத்தை மறந்து வருவாய் முழுவதையும் செலவிடும் நிறுவனத்திற்குப் புதுமையான முறையும் துணை நிற்காது. தண்டவாளத்தையும் வண்டியையும் புதுப்பிக்கப் பணமின்றித் தேய்ந்த டிராம்கள் உலகெங்கும் தரும் பாடம் இதுவே.

இக்கணக்கு பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. மின் ஸ்கூட்டரோ மின் ஆட்டோவோ வாங்கக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் இன்று பெருகி வருகின்றனர். அவர்கள் நான்கு கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது நன்று. நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்? மின்னேற்ற எங்கே இடம், எவ்வளவு நேரம்? மின்கலத்திற்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? அதனை மாற்றும்போது ஆகும் தொகைக்கு மாதந்தோறும் எவ்வளவு சேர்த்து வைக்கப் போகிறோம்? கடைசிக் கேள்விக்கு ஒரு தொடர்வைப்புக் கணக்கே விடையாகலாம். பெட்ரோலில் மிச்சமாகும் தொகை முழுவதும் இலாபம் அன்று. அதில் ஒரு பங்கு வருங்கால மின்கலத்திற்கு உரியது.

படகு ஏலூர்த் துறையை அணுகியது. நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளத்தோடு சமமாக நிற்கும் மிதவை மேடை அங்கே இருந்தது. பெரியவர் கைத்தடியை ஊன்றி, தடுமாறாமல் இறங்கினார். துறையோரம் நின்ற மின்னேற்றக் கருவியையும் அதன் தடித்த வடத்தையும் நாம் சிறுவனுக்குச் சுட்டிக்காட்டினோம். "தம்பி, நீ கேட்ட கம்பி இதோ இருக்கிறது. படகோடு கூடவே வராமல் கரையில் காத்திருக்கிறது" என்றோம். அவன் அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்போ இந்தக் கம்பிக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டான்.

தாத்தா நம்மைப் பார்த்தார். இடுக்கியின் மலையருவிகளைச் சொல்வதா, தொலைவில் எரியும் நிலக்கரியைச் சொல்வதா என்று நாம் யோசித்துக்கொண்டே கரையேறினோம். சரியான கேள்விதான்.